சீழ்க்கொப்புள சொரியாசிஸுக்கு வெள்ளணு உறிஞ்சும் சிகிச்சை: ஊசி குத்துவதற்கு முன்னும் பின்னும்

பரவிய சீழ்க்கொப்புள சொரியாசிஸில் தோல் தீயாய்ச் சிவக்கும். அதன் மேல் ஊசிமுனை அளவு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும், பக்கத்தில் இருப்பவை ஒன்றாய்ச் சேர்ந்து சீழ் தேங்கிய திட்டாகும். காய்ச்சல், நடுக்கம், கால் வீக்கம் எல்லாம் கூடவே வரும். அந்தச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினால் கிருமி வளராது. அதில் நிறைந்திருப்பவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். இன்டர்லூக்கின் 36 என்ற அழற்சிச் சமிக்ஞை கட்டுமீறிப் போவதால் அவை ரத்தத்திலிருந்து தோலுக்குக் குவிகின்றன. அந்தச் சமிக்ஞைக்குக் கடிவாளம் போடும் புரதத்தின் மரபணுவில் பழுது இருப்பது 2011-இல் துனிசியக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. வழக்கமான சொரியாசிஸ் முன்பு இல்லாமல் நேரடியாகக் கொப்புள நோயாகவே தொடங்கிய ஜப்பானிய நோயாளிகளில் பெரும்பாலோருக்கும் அதே மரபணுவில்தான் கோளாறு என்பது பிறகு தெரிந்தது.

தோலுக்குப் போகும் வழியிலேயே அந்த அணுக்களைப் பிடித்துவிடுவதுதான் இங்கே சொல்லப்போகும் சிகிச்சை. முழுப்பெயர் கிரானுலோசைட், மோனோசைட் உறிஞ்சும் அஃபெரசிஸ், வார்டில் ஜி.எம்.ஏ. என்றால் போதும். கிரானுலோசைட்டும் மோனோசைட்டும் வெள்ளணு வகைகள், நியூட்ரோஃபிலும் ஒரு கிரானுலோசைட்தான். அஃபெரசிஸ் என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, வேண்டாததைப் பிரித்துவிட்டுத் திருப்பி ஏற்றுவது. ‘ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள்’ என்று வீட்டார் சொல்வார்கள். டயாலிசிஸோடும் பிளாஸ்மா மாற்றத்தோடும் அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டயாலிசிஸ் கழிவையும் நீரையும் எடுக்கிறது, பிளாஸ்மா மாற்றம் ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுக்கிறது. ஜி.எம்.ஏ. குறிவைப்பது அழற்சியில் கிளர்ந்த வெள்ளணுக்களை. சிவப்பணுக்களும் பிளாஸ்மாவும் பெரும்பாலும் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இது வளர்ந்த இடம் ஜப்பான். குன்மா மாகாணத்தின் தகாசாகியில் உள்ள ஜிம்ரோ நிறுவனம் ‘அடாகாலம்’ என்ற உறிஞ்சு கலனைச் செய்கிறது. பெருங்குடல் புண் நோய்க்கு 1999-இல் அங்கே அனுமதி கிடைத்தது. தோல் நோய்க்குப் பயன்படுத்துவதில் ககோஷிமா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் முன்னோடிகள். சீழ்க்கொப்புள சொரியாசிஸுக்கு 2012-இல் அனுமதி வந்தது. கீழே வரும் நடைமுறை ஜப்பானிய வழக்கம்தான். அங்கே கருவியை இயக்குபவர் கிளினிக்கல் இன்ஜினியர், ஊசியும் நோயாளியும் நர்ஸ், மருத்துவர் பொறுப்பு.

கலனுக்குள் என்ன நடக்கிறது

கலனின் கொள்ளளவு 335 மி.லி. உள்ளே 2 மி.மீ. விட்டமுள்ள செல்லுலோஸ் அசிடேட் மணிகள் 220 கிராம், செலைன் என்ற உப்புநீரில் ஊறியபடி இருக்கும். ரத்தம் பட்டவுடன் மணிகளின் மேல் ரத்தத்திலுள்ள ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புரதமும், நோய் எதிர்ப்பில் உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களின் துண்டுகளும் ஒட்டிக்கொள்கின்றன. நியூட்ரோஃபிலும் மோனோசைட்டும் தம் மேல்பரப்பிலுள்ள ஏற்பிகளால் அவற்றைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பிடி கிடையாது, ஆகவே நழுவிப் போய்விடும். இந்தத் தேர்வுதான் சிகிச்சையின் பலம். நோய் எதிர்ப்பை ஒட்டுமொத்தமாக அமுக்குவதில்லை என்பதால் காசநோய், ஹெபடைட்டிஸ் பி பழைய கதை உள்ளவர்களுக்கும், உயிரியல் மருந்து (எதிர்ப்புரத வகை ஊசி மருந்து) கொடுக்கத் தயங்கும் முதியவர்களுக்கும் கைகொடுக்கிறது.

மணிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் சுமார் 130 மி.லி. ரத்தம் நிற்கும். நிமிடத்துக்கு 30 மி.லி. ஓட்டம், 60 நிமிடம், ஆக மொத்தம் 1,800 மி.லி. அறுபது கிலோ எடையுள்ளவரின் ரத்தத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு துளியும் மணிகளோடு நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக உரசுகிறது. சீக்கிரம் முடிக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினால் அந்த நேரம் குறையும், அணு ஒட்டாது. வேகத்தைக் குறைத்தால் ரத்தம் தேங்கி உறையத் தொடங்கும். நோயாளிக்குத் தொந்தரவு வந்தாலொழிய முப்பதை விட்டு நகராதீர்கள்.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

ஜப்பானியத் தோல் மருத்துவச் சங்கத்தின் 17 புள்ளி அளவுகோல் கையில் இருக்கட்டும். சிவந்த பரப்பு, கொப்புளம் உள்ள சிவந்த பரப்பு, வீக்கம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 3 வரை. காய்ச்சல், வெள்ளணு எண்ணிக்கை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்), ஆல்புமின் (நீரை ரத்தக்குழாய்க்குள் தக்கவைக்கும் புரதம்) ஆகிய நான்குக்கும் 0 முதல் 2 வரை. 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 15,000-க்கு மேல், சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 7 மி.கி.க்கு மேல், ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழ் என்றால் ஒவ்வொன்றுக்கும் முழு 2 புள்ளி. கூட்டுத்தொகை 6 வரை லேசானது, 7 முதல் 10 வரை நடுத்தரம், 11 முதல் கடுமை. மருந்துக்கு அடங்காத, அல்லது மருந்து கொடுக்க முடியாத, நடுத்தரமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஜி.எம்.ஏ.

கிரானுலோசைட் எண்ணிக்கை 2,000 அல்லது அதற்குக் கீழ் என்றாலும், தொற்று இருந்தாலும், இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலும் தொடங்கக் கூடாது. தொற்றோடு போராடும் அணுக்களையே பிடித்து வைக்கிறோம் என்பதை நினைத்தால் காரணம் புரியும். இந்த நோயில் சிக்கல் என்னவென்றால், தொற்று இல்லாமலேயே காய்ச்சல் அடிக்கும், வெள்ளணு ஏறும், சி.ஆர்.பி. எகிறும். எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இரண்டு இடத்திலிருந்து ரத்தக் கல்ச்சர், கொப்புளச் சீழின் கல்ச்சர், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே எல்லாம் முதல் அமர்வுக்கு முன்பே போயிருக்க வேண்டும். ஏற்கெனவே சிரைக் குழாய் போட்டிருந்தால் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். உரிந்த தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியேறுவது அபூர்வமில்லை.

சிவப்பணு 30 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. 60 லட்சத்துக்கு மேல் என்றால் உடம்பு வறண்டு ரத்தம் கெட்டியாகியிருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் டெசிலிட்டருக்கு 700 மி.கி.க்கு மேல் இருந்தால் உறையும் போக்கு அதிகம். மூன்றிலும் எச்சரிக்கை தேவை. கடும் அழற்சியில் ஃபைப்ரினோஜன் சாதாரணமாகவே ஏறி நிற்கும் என்பதால் கலன் அடைத்துக்கொள்வது இந்த நோயாளிகளிடம் எதிர்பார்க்க வேண்டிய விஷயம். இதயமோ நுரையீரலோ தள்ளாடும் நிலையில், மூச்சுத்திணறலோடு வந்தவரை ஜி.எம்.ஏ.வை மட்டும் நம்பி வைத்திருக்கவும் கூடாது. இதன் பலன் வாரக்கணக்கில் வருவது. அவசரத்துக்கு சைக்ளோஸ்போரின், இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகள் உண்டு. 2022-இல் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அனுமதி பெற்ற, இன்டர்லூக்கின் 36 சமிக்ஞையைத் தடுக்கும் ஸ்பெசோலிமாப் 900 மி.கி. ஒரே டிரிப்பில் ஏற்றப்படுகிறது. அதன் முக்கியச் சோதனையில் ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் முற்றிலும் மறைந்தவர்கள் 54 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 6 சதவீதம். அந்த வேகம் ஜி.எம்.ஏ.வுக்குக் கிடையாது.

முந்தைய நாள்

நரம்பு தேடுவதை அன்று காலைக்கு ஒத்திப்போடாதீர்கள். இரண்டு கையிலும் முழங்கை மடிப்பில் நல்ல சிரை வேண்டும்: ஒன்றில் ரத்தம் இழுக்க, மற்றதில் திருப்பிவிட. வீங்கிச் சிவந்த கையில் விரலுக்குச் சிரை தட்டுப்படாது. முந்தைய நாளே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, முடிந்தவரை கொப்புளம் இல்லாத தோல் வழியாகக் குத்தக்கூடிய இடத்தை ஸ்கின் மார்க்கரால் குறித்து வையுங்கள். இழுக்கும் பக்கம் 17 அல்லது 18 கேஜ் ஊசி வேண்டும், திருப்பிவிடும் பக்கம் சற்று மெல்லியது போதும். இரண்டு கையும் கைவிட்டால் கழுத்திலோ தொடையிலோ இரட்டைக்குழல் கதீட்டர். அழற்சித் தோல் வழியாகப் பெரிய சிரையில் குழாயை வாரக்கணக்கில் விட்டுவைப்பது தொற்றுக்கு வாசல் திறப்பது, அதனால் அது கடைசி வழி. போட்டே ஆகவேண்டுமென்றால் அந்த அமர்வுக்கு மட்டும் போட்டு எடுத்துவிடலாமா என்று யோசியுங்கள்.

நீர்ச்சத்தும் முந்தைய நாள் வேலைதான். தோல் வழியாக நீர் ஆவியாகிறது, ஆல்புமின் குறைந்ததால் மிச்ச நீர் திசுவுக்குள் கசிகிறது. கால் வீங்கியிருந்தும் ரத்தக்குழாய் காய்ந்திருக்கும். வீக்கத்தைப் பார்த்து நீரைக் குறைத்துவிட்டு மறுநாள் கலனை மாட்டினால், 130 மி.லி.யும் குழாய்களில் நிற்கும் மீதியும் வெளியே போன முதல் பத்து நிமிடத்தில் பிரஷர் சரியும்.

அன்று காலை எடை, வெப்பநிலை, ரத்த அழுத்தம், முழு ரத்த எண்ணிக்கை. லேசாகச் சாப்பிட்டிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கட்டும். இரண்டு கையிலும் ஊசியோடு ஒரு மணி நேரம் எழ முடியாது. குத்தப்போகும் கைகளில் மட்டும் களிம்பு தடவாமல் விடச் சொல்லுங்கள். வாஸ்லினோ ஸ்டீராய்டு களிம்போ இருந்தால் டேப் வழுக்கி ஊசி நகர்ந்துவிடும்.

சுற்றைத் தயார் செய்தல்

கலனைக் குழாய்களோடு இணைத்து, அதில் அச்சிட்டிருக்கும் ஓட்டத் திசையை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். முதலில் 1,500 மி.லி. செலைனால் கழுவ வேண்டும், பிறகு உறைதடுப்பு மருந்து கலந்த 500 மி.லி. செலைன். கழுவும்போதே கலனை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மணிகளுக்கு இடையே சிக்கிய குமிழ் பார்வைக்குச் சின்னதுதான், ஆனால் குமிழைத் தொட்டு நிற்கும் ரத்தம் அங்கிருந்தே உறையத் தொடங்கும். அவசரமாகக் கழுவிய கலன் நாற்பதாவது நிமிடத்தில் அடைத்துக்கொண்டால் பழி மருந்தளவின் மேல் விழும். பல நேரம் குற்றவாளி இந்தக் குமிழ்தான்.

உறைதடுப்புக்கு ஜப்பானில் பெரிதும் நஃபாமோஸ்டாட், வேறு நாடுகளில் ஹெப்பாரின். நஃபாமோஸ்டாட் சில நிமிடங்களில் உடம்பில் சிதைந்துவிடும், ஆகவே அதன் வேலை பெரும்பாலும் சுற்றுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ரத்தக்கசிவு பயம் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் கலக்கும் முறையில் பொறி இருக்கிறது. பொடியின் மேல் நேராகச் செலைனை ஊற்றினால் பால்போல் வெளுத்துப் படிகம் இறங்கும். முதலில் 5 சதவீத குளுக்கோஸிலோ ஊசிநீரிலோ முழுதாகக் கரைத்துக்கொண்டு, அதன் பிறகே செலைனில் சேர்க்க வேண்டும். கழுவும் 500 மி.லி.க்கு 20 மி.கி. ஓட்டத்தின் போது மணிக்கு 20 முதல் 50 மி.கி. வரை சிரிஞ்ச் பம்பில், ரத்தம் இழுக்கும் குழாயில், கலனுக்கு முன்னால் போகும். எடுத்துக்காட்டாக 50 மி.கி. மருந்தை 20 மி.லி. குளுக்கோஸில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 2.5 மி.கி.; மணிக்கு 30 மி.கி. வேண்டுமென்றால் பம்பில் 12 மி.லி. என்று வையுங்கள். இந்த மருந்துக்கு ஒவ்வாமை அதிர்ச்சி உண்டு, முன்பு பெற்றவருக்கு அடுத்த தடவை வரவும் வாய்ப்பு உண்டு. மூன்று அமர்வு நல்லபடியாகப் போயிற்றே என்று நான்காவதில் கவனம் தளரக் கூடாது. பொட்டாசியம் ஏறுவதையும் பார்க்க வேண்டும். ஹெப்பாரின் என்றால் அளவை எடையையும் உறைநேரச் சோதனையையும் வைத்து மருத்துவர் எழுதுவார்.

ஓட்டும் ஒரு மணி நேரம்

கொப்புளத் தோலில் சாதாரணப் பிளாஸ்டரை ஒட்டினால் எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். சிலிக்கோன் டேப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஊசியின் சிறகுகளுக்கு அடியில் மெல்லிய காஸ் வைத்து, மேலே வலைக்கட்டால் சுற்றுங்கள். ஊசி நுழைந்த இடம் மட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் கட்ட வழியில்லை. கணுக்காலில் கட்டி, அடியில் ஒரு சுற்றுப் பருத்தித் துணி விடுங்கள். முழுச்சிவப்புத் தோல் உடம்புச் சூட்டைத் தக்கவைக்காது, ரத்தம் வேறு வெளியே குளிர்ந்து திரும்புகிறது. கம்பளி, அறை வெப்பம் இரண்டும் முன்கூட்டியே தயாராகட்டும். நடுங்க ஆரம்பித்தால் சிரை சுருங்கி ஓட்டமும் குறையும்.

பம்பை மெதுவாகத் தொடங்கி, பிரஷரைப் பார்த்தபடி சில நிமிடங்களில் 30-க்குக் கொண்டுவாருங்கள். முதல் 15 நிமிடம் பக்கத்தை விட்டு நகர வேண்டாம். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், முகச்சிவப்பு ஆகியவைதான் அடிக்கடி கேட்கும் புகார்கள். பெரும்பாலும் வேகத்தைத் தற்காலிகமாகக் குறைத்தாலே தணியும். இருமல், இழுப்பு, தொண்டை இறுக்கம், திடீர் பிரஷர் சரிவு என்றால் பம்பை நிறுத்துங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒவ்வாமை அதிர்ச்சியாக இருக்கலாம் என்று தோன்றும் நேரத்தில் சுற்றில் உள்ள ரத்தத்தைத் திருப்பி ஏற்றாதீர்கள்.

அலாரம் அடித்தால் எந்த அழுத்தம் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இழுக்கும் பக்கம் உறிஞ்சல் அதிகமானால் ஊசி சிரைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அல்லது கை மடங்கியிருக்கிறது. ஊசியை இம்மியளவு திருப்புங்கள், கையைச் சூடாக்குங்கள், மென்பந்தை அமுக்கச் சொல்லுங்கள். திருப்பிவிடும் பக்கம் அழுத்தம் ஏறினால் அந்தச் சிரையில் கோளாறு. ஊசியைச் சுற்றி வீக்கம் தெரிகிறதா பாருங்கள். ஏற்கெனவே வீங்கிய கையில் ரத்தம் வெளியே கசிவது சட்டென்று தெரியாது, மறுகையோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். திரும்பும் அழுத்தம் சாதாரணமாக இருந்து கலனுக்கு முந்தைய அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் கலனில் உறைவு. சிரிஞ்ச் பம்ப் உண்மையிலேயே ஓடுகிறதா, அதன் கிளைக்குழாயின் கிளாம்ப் திறந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். மூடிய கிளாம்ப் நாம் நினைப்பதை விட அடிக்கடி நடக்கிறது. மருந்தளவைக் கூட்டியும் ஏற்றம் நிற்காவிட்டால், கலன் முழுவதும் அடைத்து ரத்தத்தை இழப்பதைவிட, ஓட்டிய அளவோடு நிறுத்தி, திருப்ப முடிந்ததைத் திருப்புவது மேல். 1,300 மி.லி. ஓட்டியதும் சிகிச்சைதான், எத்தனை மி.லி. என்று எழுதி வையுங்கள்.

முடிக்கும்போது செலைனால் ரத்தத்தைத் தள்ளித் திருப்ப வேண்டும். காற்றால் தள்ளக் கூடாது. இந்தக் கட்டத்தில் கலனைத் தட்டவும் வேண்டாம். தொடக்கத்தில் தட்டியது காற்றுக்காக, இப்போது தட்டினால் ஒட்டிய உறைவுத் துணுக்குகள் கிளம்பும். மணிகள் இளஞ்சிவப்பாக நிற்பது இயல்பு, வெளுக்கும் வரை தள்ளினால் நோயாளிக்குத் தேவையில்லாத உப்புநீர்தான் ஏறும். ஊசியை எடுத்த இடத்தைத் தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். படுக்கையிலிருந்து நேராக எழவிடாமல் சற்று உட்கார வைத்து, பிரஷர் பார்த்து அனுப்புங்கள். அன்றைய உயிரியல் மருந்து ஊசி ஏதேனும் இருந்தால் அமர்வுக்குப் பிறகு போடுவது நல்லது. முன்னால் போட்டால் மருந்தும் எதிர்ப்புரதம்தான், கலன் வழியாகப் போகும்.

கர்ப்பிணி என்றால்

கர்ப்பத்தில் இந்த நோய் வெடிக்கும்போது கை கட்டப்பட்ட நிலை. இந்த நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளான எட்ரெடினேட்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கருவைச் சிதைப்பவை. ஆகவே ஜி.எம்.ஏ. முக்கியமான வழியாகிறது. மல்லாந்து ஒரு மணி நேரம் படுக்க வைத்தால் கருப்பை பெருஞ்சிரையை அமுக்கி பிரஷர் சரியும். வலது இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கருவின் இதயத்துடிப்பை முன்னும் பின்னும் பாருங்கள். ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. மகப்பேறு மருத்துவர் அறைக்கு எட்டிய தூரத்தில் இருக்கட்டும்.

ஐந்து வாரம்

வாரம் ஒருமுறை, ஐந்து அமர்வு. ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வும் இப்படித்தான் செய்தது. தோலில் 10 சதவீதத்துக்கு மேல் கொப்புளம் உள்ள 15 பேர் சேர்ந்தார்கள், ஒருவர் முதல் அமர்வையே முடிக்கவில்லை. மீதி 14 பேரில் 12 பேருக்குப் பலன் தெரிந்தது. பத்துப் பேருக்குக் கடைசி அமர்வுக்குப் பின் பத்து வாரம் வரை, மருந்தை மாற்றாமலேயே, பலன் நீடித்தது. சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழுவும் கிடையாது. அரிய நோயில் இதைவிடப் பெரிதாகச் செய்வது கடினம். எண்ணைப் பார்த்து மயங்காமல், கைவசம் உள்ள நல்ல வழிகளில் ஒன்று என்ற அளவில் எடுத்துக்கொள்வதே நியாயம்.

முதலில் அடங்குவது காய்ச்சலும் புதுக் கொப்புளமும். சிவப்பும் வீக்கமும் பின்னால் மெல்ல அடங்கும். முதல் அமர்வுக்கு மறுநாள் ரத்த எண்ணிக்கையில் நியூட்ரோஃபில் பெரிதாகக் குறையவில்லையே என்று பதற வேண்டாம். எலும்பு மஜ்ஜை புதியவற்றை அனுப்பி இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. இழுத்தது கிளர்ந்தவற்றை, வந்து சேர்பவை இளையவை. எண்ணிக்கையை விட, நேற்றுக் குறித்த எல்லைக்கோட்டுக்கு வெளியே புதுக் கொப்புளம் கிளம்புகிறதா என்பதுதான் சரியான அளவு. முதுகு, தொடை என்று இரண்டு இடத்தில் பேனாவால் எல்லை வரைந்து, தினமும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.

இந்த ஐந்து வாரத்தில் அதிகம் நடக்கும் தவறு, தேறுகிறார் என்று பார்த்தவுடன் வாய்வழி ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது. இந்த நோயைத் தூண்டிவிடுவதில் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது பேர்போனது. பாடுபட்டு அடக்கியது ஒரே வாரத்தில் திரும்பும். சைக்ளோஸ்போரினோ எட்ரெடினேட்டோ ஓடிக்கொண்டிருந்தால் ஐந்தும் முடியும் வரை அளவை மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்பதும் தெரியாமல் போகும். ஐந்தாவது அமர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து 17 புள்ளி அளவுகோலை மறுபடி போடுங்கள். மூன்றாவது அமர்வுக்குப் பிறகும் காய்ச்சல் விடாமல், புதுக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தால் ஐந்து முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மறுபடி ரத்தக் கல்ச்சர் எடுங்கள், அன்றே மருந்து வழிக்கு மாறுவதைப் பேசுங்கள்.